பழைய ஸ்விஃப்ட் டீசலா, கிராண்ட் ஐ10 பெட்ரோலா? ரிப்பேர் செலவை வைத்து ஒரு கணக்கு

தங்கை வீட்டுக்காரர் போன மாதம் இரண்டு கார்களின் போட்டோவை அனுப்பினார். ஒன்று 2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசல், மற்றது 2016 ஹூண்டாய் கிராண்ட் ஐ10 பெட்ரோல். "மச்சான், ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்றாங்க. எதை எடுக்கலாம்?" என்று கேட்டார். "விலைய அப்புறம் பார்ப்போம் மாப்பிள்ளை, மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அறுநூறு தாண்டாது என்றார். எனக்கு அங்கேயே பாதி முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு டீசல் மேல் ஆசை. மைலேஜ் ஆசை யாரைத்தான் விட்டது? அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஸ்விஃப்ட் டீசலின் 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட்டின் மல்டிஜெட். டிசையர், ரிட்ஸ், எர்டிகா, ஃபியட் புன்டோ, டாடா இண்டிகா விஸ்டா என்று எத்தனையோ வண்டிகளில் ஓடிய எஞ்சின். இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார், உதிரிப் பாகமும் கிடைக்கும். நல்லபடியாக வைத்திருந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் பழைய டீசல் வண்டி செலவு வைத்தால் சின்னதாக வைக்காது. கீழே உள்ளவை வெளி ஒர்க்‌ஷாப்பில் பாகமும் லேபரும் சேர்த்துக் கேட்கப்படும் தோராயமான தொகைகள். கம்பெனி சர்வீஸ் என்றால் கூடும்.

முதலில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். நான்கு இருக்கின்றன. ரீகண்டிஷன் செய்ய ஒன்றுக்கு நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம், புதிது போட்டால் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அடுத்தது டர்போ. ரீகண்டிஷன் பதினைந்தாயிரம் வரை, புதிது இருபத்தைந்துக்கு மேல். கிளட்ச் செட் ஒன்பதிலிருந்து பதின்மூன்றாயிரம். புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது, கறும்புகை கக்கும். அதைச் சுத்தம் செய்ய இரண்டாயிரம் போதும். ஆனால் தினமும் மூன்று கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்துவிடுகிறவருக்கு அது திரும்பத் திரும்ப அடைக்கும்.

நான் மிகவும் பயப்படுவது, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினுக்குத்தான். பெல்ட் மாதிரி இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்ற கணக்கு இல்லாததால் பலர் அதை மறந்தே போகிறார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் தளர்ந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி 'கரகர' என்று சத்தம் வந்தால் அதுதான் அறிகுறி. அப்போதே செயின் கிட் மாற்றினால் பதினைந்து, இருபதாயிரத்தில் முடியும். விட்டுவைத்து அது அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். பிறகு அரை லட்சத்துக்குக் குறையாது. அதனால்தான் டீசல் வண்டி பார்க்கப் போகும்போது "நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

கிராண்ட் ஐ10 பெட்ரோலில் இந்த வகைப் பயம் குறைவு. 1.2 லிட்டர் கப்பா எஞ்சினிலும் செயின்தான், ஆனால் டர்போ இல்லை, அந்த விலைக்கு இன்ஜெக்டரும் இல்லை. இந்த வயதில் இதில் எதிர்பார்க்க வேண்டியவை வேறு. ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'டக் டக்' என்று தட்டும். ஹூண்டாயின் அந்தக் காலத்து மின்சார பவர் ஸ்டீயரிங்கில் மோட்டார் இணையும் இடத்தில் நட்சத்திர வடிவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கிறது. அது தேய்ந்து பொடிந்துபோவதால் வரும் சத்தம் அது. பாகத்தின் விலை சில நூறு ரூபாய்தான். ஸ்டீயரிங் தண்டை இறக்கி ஏற்ற வேண்டும் என்பதால் லேபர்தான் அதிகம். இதைத் தெரியாமல் ஸ்டீயரிங் ராக்கையே மாற்றச் சொல்லும் இடங்களும் உண்டு, கவனம். மற்றபடி சஸ்பென்ஷனில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் சத்தம் இரண்டு கார்களுக்கும் பொது. ஏ.சி. கூலிங் காயிலில் லீக் வந்தால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும், ஏழிலிருந்து பத்தாயிரம் ஆகும். கிளட்ச் செட் ஏழெட்டாயிரம். பம்பர், ஹெட்லைட் போன்றவற்றில் மட்டும் மாருதி மலிவு, ஹூண்டாய் கொஞ்சம் கடிக்கும்.

இனி எரிபொருள். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். ஊருக்குள் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, டீசல் 18 கொடுக்கும் என்றால், மாதம் 600 கிலோமீட்டருக்கு பெட்ரோலில் சுமார் 4,300 ரூபாய், டீசலில் 3,100. வருடத்துக்கு மிச்சம் பதினைந்தாயிரம் சொச்சம். நான்கு இன்ஜெக்டரை ஒரு தடவை ரீகண்டிஷன் செய்தால் அந்த ஒரு வருட மிச்சம் முழுதும் போய்விடும். புது டர்போ போட்டால் இரண்டு வருட மிச்சம் காலி. அதே கணக்கை மாதம் 2,000 கிலோமீட்டருக்குப் போட்டால் வருடத்துக்கு ஐம்பதாயிரம் நிற்கிறது. அப்போது டீசல் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிறகு நேரில் போய்ப் பார்த்தோம். போகும் வழியில் வேறொரு இடத்தில் இன்னொரு டீசல் காரையும் காட்டினார்கள். மீட்டரில் 62,000. கிளட்ச் பெடல் ரப்பர் வரியே இல்லாமல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தின் ஓரத்தில் ஆயில் மாற்றிய கடையின் ஸ்டிக்கர்: அடுத்த சர்வீஸ் 1,18,000. மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

சென்னைப் பக்கத்து வண்டி என்றால் வெள்ளத்தையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவும் சொல்லும். டீசலில் இன்னொன்று: டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களை ஓட்டத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரும் வண்டிகள் மலிவாகத் தெரியும். மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் ஆகும் செலவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கடைசியில் கிராண்ட் ஐ10-தான் எடுத்தார். சொன்ன விலையில் பேரம் பேசிக் குறைத்த தொகையோடு கொஞ்சம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தனியாக வைக்கச் சொன்னேன்: டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், ஏ.சி. வேலை. அந்த ஸ்விஃப்டை செங்கல்பட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். அந்த வண்டிக்கு அவர்தான் சரியான ஆள்.