ஸ்டிக்கர் ஒட்டினால் கலிபிரேஷன் ஆகிவிடுமா?

மட்டக்களப்பில் சின்ன ஆய்வுகூடம் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கிற ஆட்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் யூவி ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், அதாவது தண்ணீர் எவ்வளவு புற ஊதா வெளிச்சத்தை உறிஞ்சுகிறது என்று அளக்கிற மெசின், சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, போன வருடம் வந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஜீரோ பண்ணினார், ஸ்டிக்கர் ஒட்டினார், பில்லை நீட்டினார், அவ்வளவுதான். இந்த முறை கொழும்பில் வேறு ஓர் இடத்தில் சொன்னோம். சொன்ன நாளுக்கு இரண்டு கிழமை பிந்தித்தான் வந்தார்கள், அது எரிச்சல். ஆனால் வந்த தம்பி வேலை தெரிந்தவர்.

நைட் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது, இருந்தும் அவசரப்பட்டு ஸ்க்ரூட்ரைவரை எடுக்கவில்லை. மெசினைப் போட்டு முக்கால் மணி நேரம் சூடாக விட்டார், அப்புறம் எந்தெந்த அலைநீளத்தில் வெளிச்சத்தை உறிஞ்சும் என்று முன்பே தெரிந்த ஹோல்மியம் கண்ணாடியை வைத்து ஸ்கேன் எடுத்தார். 536 நானோமீட்டர் பக்கம் வரவேண்டிய உறிஞ்சல் உச்சி 539இல் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்து கரைக்கிற ஸ்டாண்டர்டும் இதே மெசினில்தானே ஓடுகிறது, பிழை அடிபட்டுப் போகாதா என்று கேட்டேன். “கொஞ்சம் அடிபடும் சேர். ஆனா நைட்ரேட்டை அளக்கிறது 220இல, உறிஞ்சல் செங்குத்தா சரியிற இடம், அங்க மூன்று நானோமீட்டர் எண்டா சும்மா இல்ல” என்றார். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது பொட்டாசியம் குளோரைட். லீட்டருக்கு 12 கிராம் கரைத்து, வெறும் தண்ணீரை பிளாங்காக, அதாவது பூச்சியமாக வைத்து, 198 நானோமீட்டரில் பார்த்தால் உறிஞ்சல் 2க்கு மேல் வரவேண்டும். எங்களுக்கு 1.6. வேறு அலைநீளத்துக் கண்ட வெளிச்சமெல்லாம் டிடெக்டருக்குப் போகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஸ்டாண்டர்டுகளை வைத்துப் போடுகிற எங்கள் நைட்ரேட் கோடு மேலே போகப் போக வளைந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது, நான் அவ்வளவு காலமும் ஸ்டாண்டர்ட் கரைத்த பிள்ளையை ஏசிக்கொண்டிருந்தேன்.

திறந்தால் லாம்ப் பக்கம் இரண்டு பல்லி முட்டை ஓடு. ஈரத்தை உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல் எப்போதோ ஈரமாகி இளஞ்சிவப்பாகிவிட்டது. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் மெசினுக்குள் வெளிச்சத்தைத் திருப்புகிற முகக்கண்ணாடி மங்காமல் வேறென்ன செய்யும்? துடைக்கத் துணி நீட்டினேன், தம்பி பதறிப்போய் என் கையைத் தட்டிவிட்டார். அந்தக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சில் துணி பட்டால் கீறிவிடுமாம், காற்று மட்டும் ஊதினார். புற ஊதா வெளிச்சம் தருகிற டியூட்டீரியம் லாம்பை மாற்றினார், புது லாம்பில் விரல் படாமல் கையுறையோடு. அலைநீளத்தைச் சரிசெய்து திரும்பப் பார்க்க உச்சி இடத்துக்கு வந்தது, பொட்டாசியம் குளோரைட் 2.1 காட்டியது.

குறை இல்லாமல் இல்லை. காசு கூட: லாம்ப், கூலி, அதோடு வந்துபோன செலவும் எங்கள் தலையில். ரிப்போர்ட்டில் அவர்கள் கொண்டுவந்த ஹோல்மியம் கண்ணாடியின் சான்றிதழ் இலக்கத்தையே போடவில்லை, மூன்று தரம் கோல் எடுத்த பிறகுதான் திருத்தி அனுப்பினார்கள். அது இல்லாத ரிப்போர்ட்டை வாங்கி வைக்காதீர்கள். கைவைக்க முதல் எடுத்த ரீடிங்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு முதல் எடுத்ததும் பிறகு எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கூப்பிடுவதென்றால் மாரி தொடங்க முதல் கூப்பிடுங்கள். மழைக்குள் கரண்ட் போய்ப் போய் வரும், மெசின் சூடாகிற நேரத்திலேயே அவர்களுடைய அரை நாள் போய்விடும்.