டேங்க் கிளீனர் மீனைத் தாங்கும் வீச்சு வலை: எல்லையோர வலைக்கடை ஒன்றைப் பற்றி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வட்டார ஏரி குளங்களில் அயல்மீன்களை அகற்றும் களப்பணியில் இருப்பவன் என்ற முறையில், நான் பயன்படுத்தி வரும் வீச்சு வலையைப் பற்றியும், அதைக் கட்டித் தரும் எல்லையோர வலைக்கடையைப் பற்றியும் எழுதுகிறேன். இதே வேலையைச் செய்பவர்கள் வலை வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை பல இருக்கின்றன.

எங்கள் குளங்களில் அகற்ற வேண்டியவை முக்கியமாக மூன்று: 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, அதாவது ஜிலேபி மீன்; 2000-ஆம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி; கண்ணாடித் தொட்டிக்கு வாங்கி, பெரிதானதும் குளத்தில் விடப்பட்ட தென்னமெரிக்க மீனான டேங்க் கிளீனர். முதல் இரண்டையும் எந்த வலையும் பிடிக்கும். வலையைச் சோதிப்பது மூன்றாவதுதான். அதன் உடல் முழுவதும் எலும்புத் தகடுகள். முதுகுத் துடுப்பின் முன்னும் பக்கத் துடுப்புகளின் முன்னும் தடித்த முள் உண்டு. வலைக்குள் சிக்கியதும் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒற்றை இழைத் தங்கூசி வலையில் இந்த மீன் நான்கு விழுந்தால், மீனை எடுக்க வலையை அறுக்க வேண்டும், அல்லது மீனே அறுத்துவிடும்.

இதைச் சொன்னவுடன் கடைக்காரர், "தங்கூசி வேண்டாமுங்க, அந்த முள்ளுக்கு நிக்காது, திரி நூலுல கட்டித் தர்றேன்" என்றார். விலை கூடிய வலையை விற்பதற்காகச் சொன்ன பேச்சல்ல அது. ஏரிக் குத்தகைக்காரர்கள் கிழிந்த வலைகளோடு தம்மிடம் வந்ததை ஒன்றொன்றாக எடுத்துச் சொல்லி, நூல் சுருளைக் கையில் கொடுத்து முறுக்கைப் பார்க்கச் சொன்னார். 210 டெனியர் நைலான் இழைகளைப் பல புரியாக முறுக்கிய நூல் அது. டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடையைக் கிராமில் குறிக்கும் எண். ஆகவே அந்த எண்ணோடு எத்தனை இழை, எத்தனை புரி என்பதையும் கேட்டு வாங்கினால்தான் தடிமன் தெரியும். பல கடைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை, இங்கே கிடைத்தது.

வலையின் கண்ணை நான் பெரிதாகவே கேட்டேன். அயல்மீனை எடுப்பது எவ்வளவு முக்கியமோ, அயிரையும் சிறு கெண்டையும் உயிரோடு வெளியேறுவதும் அவ்வளவு முக்கியம். சிறு கண் வலையில் ஒரே வீச்சில் இரண்டும் வந்து, கரையில் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நாட்டுமீன்கள் செத்துவிடும். டேங்க் கிளீனரோ காற்றை விழுங்கி இரைப்பை வழியே மூச்சு விடுவதால், ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் பிழைத்துக் கிடக்கிறது. அதை எடுத்த பின் குளத்திலிருந்து தள்ளிச் சுண்ணாம்புக் குழியில் புதைக்கிறோம். மீண்டும் தண்ணீருக்கு வழி இருக்கும் இடத்தில் போடவே கூடாது. மின்சாரம், நஞ்சு, வெடி ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பதை 2010-ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. தடுப்பது மிகச் சரி. நாட்டுமீன்களைக் காக்க வேண்டிய நாமே நஞ்சைக் கலந்துவிட்டு எதைக் காப்பது? அதனால்தான் எங்கள் வேலை முழுவதும் வலையையே நம்பி நிற்கிறது.

பயன்பாட்டில் இந்த வலை நன்றாகவே உழைக்கிறது. முள் சிக்கினாலும் கண் அறுபடுவதில்லை. முள்ளின் நுனியிலிருந்து கண்ணியை ஒவ்வொன்றாகக் கழற்றினால் வலை முழுதாக மிஞ்சுகிறது. அங்கங்கே இழை பிய்ந்த இடங்களை வலை ஊசியால் பொத்திவிடலாம். தங்கூசியில் முடிச்சு வழுக்குவதால் அப்படிப் பொத்துவது கடினம். குறை என்றால், திரி நூல் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. காலையில் வட்டமாக விரிந்த வலை, நண்பகலுக்குள் தோள் சோர்ந்து நீள்வட்டமாக விழத் தொடங்கும். முள்ளைக் கழற்ற எடுக்கும் நேரமும் தங்கூசியை விடக் கூடுதல். உயரம் குறைந்தவர்களும் புதியவர்களும் ஒரு முழம் சிறிய வலையாகக் கேட்பது நல்லது.

கடையின் வேலைப்பாட்டில் ஒரே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அடிக்கயிற்றில் கோத்த ஈயமணிகள் சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் விலகியும் இருந்தன. இடைவெளி உள்ள இடத்தில் அடிமடி சேற்றில் சரியாகப் படியாமல் போக, கரைச் சேற்றை ஒட்டிக் கிடக்கும் இந்த மீன் அந்த வழியாக நழுவியது. திரும்பக் கொண்டு போனபோது கடைக்காரர் காசு வாங்காமல் மணிகளைப் பிரித்துச் சீராகக் கோத்துத் தந்தார். இருந்தாலும் வாங்கும்போதே அடிக்கயிற்றை முழுச் சுற்றும் விரலால் உருட்டிப் பார்த்துவிடுங்கள்.

விலை நாலாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது, தங்கூசி வலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நனைந்த வலையை நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் நைலானின் வலுவைத் தின்றுவிடும். எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் ஏரிகள் நிரம்பி மறுகால் போகத் தொடங்கினால் இந்த மீன்கள் அடுத்த குளத்துக்கு நகர்ந்துவிடும் என்பதால் சித்திரைக்குள் வலை கையில் இருக்க வேண்டும். கையால் கட்டும் கடை என்பதால் மாசியிலேயே சொல்லி வைத்துவிடுவது உத்தமம்.