ஆர்டிஎக்ஸ் 4060: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

கணினியில் கேம் காட்சிகளை வரையும் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றி, பழைய ஜிடிஎக்ஸ் 1060ஐக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 4060 மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. 2016இல் வந்த 1060 குடிப்பது 120 வாட். 2023 ஜூனில் 299 டாலர் விலையில் வந்த 4060 குடிப்பது 115 வாட்தான். அதனால் பழைய 450 வாட் பவர் சப்ளையே போதும் என்று விட்டுவிட்டேன். கேமுக்கு நடுவே கரண்ட் போனாலும் யுபிஎஸ் தாக்குப்பிடிக்கிறது. சேவ் செய்துவிட்டு அணைக்கலாம். மே மாத வெயிலிலும் கார்டின் ஃபேன் சத்தத்தைச் சீலிங் ஃபேன் அமுக்கிவிடும்.

என் மானிட்டர் 1080பி. முதல் ஒரு வருடம் குறையே தெரியவில்லை. சைபர்பங்க் 2077இல் ஃப்ரேம் ஜெனரேஷனை ஆன் செய்த அன்று பரவசம்தான். திரையில் அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களுக்கு, அதாவது ஃப்ரேமுக்கு, நடுவே கார்டே ஒன்றை வரைந்து செருகும் வித்தை அது. ஆனால் அடிப்படை வேகம் நொடிக்கு 60 ஃப்ரேம் பக்கம் வராவிட்டால் மூலையில் எண் மட்டும்தான் ஏறும், மவுஸ் சேற்றில் நகர்வது போலிருக்கும்.

அப்புறம்தான் தலைவலி. புதுசாக வந்த ஒரு கேமில் டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படங்களின் தரத்தை, உச்சமான அல்ட்ராவில் வைத்திருந்தேன். ஒரு சந்தில் திரும்புகிறேன், எதிர்ச் சுவர் சுண்ணாம்பு பூசியது போல் மொழுக்கென்று நிற்கிறது. இரண்டு நொடி கழித்துத்தான் செங்கல் தெரிகிறது. நடுவில் படம் நின்று நகரும் ஒரு விக்கல் வேறு. நொடிக்குச் சராசரி ஃப்ரேம் மட்டும் 75 என்று ஜம்மென்று காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சராசரியைப் பார்த்துத்தானே நானும் வாங்கினேன்!

காரணம் இதுதான். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பினால் மிச்சத்தைக் கணினியின் ராமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக இழுத்துவர வேண்டும். 4060க்கு அந்த வழியில் 16 லேன் (தடம்) கிடையாது, 8தான். பிசிஐஇ 4.0 தலைமுறை மதர்போர்டில் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி கடத்தும். என் பி450 போர்டு முந்தைய தலைமுறையான 3.0, அதில் பாதிதான். கார்டைச் செருகும் ஸ்லாட் முழு நீளம் இருக்கிறதே என்று நம்பியது என் தப்பு. ஃப்ரேம் ஜெனரேஷனும் தன் பங்குக்கு மெமரி கேட்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் விக்கல் நின்றுவிடுகிறது; வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அப்படியே ஓட்டுகிறேன்.

போன வாரம் சித்தப்பா பையன் கேட்டான்: "அண்ணே, 5060 எடுக்கலாமா?" 4060க்கு அடுத்த தலைமுறைக் கார்டு அது, 2025 மேயில் அதே 299 டாலர் விலையோடு வந்தது. மெமரி ஜிடிடிஆர்7 என்ற புது வகை, வேகம் கூடுதல். அளவு அதே 8 ஜிபி, லேனும் அதே 8.

"மொதல்ல உன் போர்டு என்னன்னு பாரு" என்றேன். மூடியைக் கழற்றி போட்டோ அனுப்பினான். பி450.

சரி, அப்படியானால் 16 ஜிபி உள்ள 5060 டிஐ பார் என்றேன். அதுவும் 8 லேன்தான், ஆனால் மெமரி நிரம்பி வழிந்தால்தானே லேன் பிரச்சினை. 429 டாலர் என்றதும் பதில் இல்லை.

ராத்திரி ஒரு மெசேஜ்: "அண்ணே, உங்க 4060ஐ எவ்வளவுக்குத் தருவீங்க?"