மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் வாடகை வீடு தேடும் மாணவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வாடகை வீடு தருவதாகச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய முகவர், நேற்று மாலை என் எண்ணைத் தடை செய்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனது 3,150 வெள்ளி (ரிங்கிட்). நான்கு மாணவர்கள் சேர்ந்து கட்டிய பணம். ஆளுக்கு 787 வெள்ளி 50 சென். எங்களில் ஒருவனின் பங்கு, அவன் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்தது.

புதிய மாணவர்களுக்கு இடம் வேண்டும் என்று விடுதியிலிருந்து எங்களை வெளியே அனுப்பினார்கள். ஆண்டுதோறும் நடப்பதுதான். வாடகை வீட்டு விளம்பரங்கள் வரும் செயலி ஒன்றில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது: மூன்று அறை, மாதம் 900 வெள்ளி.

வீட்டைக் காட்ட வந்தவர் தமிழர். நெற்றியில் திருநீறு. கதவைத் திறப்பதற்கு முன்பே, "எந்தத் தோட்டத்துப் பிள்ளை தம்பி நீ?" என்று கேட்டார். சொன்னேன். தன் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தானும் லயத்து வீட்டில் பிறந்தவன், தோட்டத்தை விற்றபோது சட்டி பானையுடன் வெளியேறிய குடும்பம் என்றார். "நம் பிள்ளைகள் படித்து மேலே வரவேண்டும். உங்களிடம் நான் கமிஷன் வாங்கமாட்டேன்." (உண்மைதான், கமிஷன் வாங்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.) நண்பனின் அப்பாவையும் தொலைபேசியில் பிடித்து, "அண்ணே, கவலைப்படாதீர்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் கீரையைக்கூடப் புரட்டிப் பார்க்கும் அந்த மனிதர், "நல்ல ஆளாகத் தெரிகிறார், கட்டிவிடுங்கள்" என்றார்.

இரண்டு மாத முன்பணம் 1,800, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 450, முதல் மாத வாடகை 900. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லித் தன் சொந்தக் கணக்கிலேயே போடச் சொன்னார். போட்டோம். சாவி கைக்கு வந்தது.

குடிபோய் மெத்தை வாங்கிப் போட்ட பிறகு, பூட்டு மாற்றும் ஆளோடு ஒரு சீன மூதாட்டி வந்து நின்றார். அவர்தான் உரிமையாளர். முகவர் என்று வந்தவர் உண்மையில் அவருடைய வாடகைக்காரர்! நான்கு மாத வாடகை பாக்கி. மறுவாடகைக்கு விடக்கூடாது என்று முத்திரை வரி கட்டிய ஒப்பந்தத்திலேயே இருந்தது, எடுத்துக் காட்டினார். மாதக் கடைசி வரை இருந்துகொள்ளுங்கள் என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை.

அதன் பிறகு அந்த முகவரைப் பிடிக்க அலைந்த அலைச்சல்தான் கொடுமை. முதலில், "அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது தம்பி, நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். பிறகு, அடுத்த வாரம் தருகிறேன் என்றார். பிறகு அலுவலகத்துப் பெண், "அண்ணன் பினாங்கு போயிருக்கிறார்" என்றார். கடைசியில் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு குரல் பதிவு: "படிக்கிற பிள்ளைகள் பெரியவர்களிடம் இப்படியா பேசுவது?" 3,150 வெள்ளியைச் சுருட்டிக்கொண்டு எங்களுக்கு மரியாதைப் பாடம்!

செயலியில் புகார் செய்தால், விளம்பரத்துக்கு இடம் தருவது மட்டுமே எங்கள் வேலை என்று பதில் வருகிறது. காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டு, இது நீதிமன்றத்தில் தீர்க்கவேண்டியது என்றார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். சொத்து முகவரின் பிரதிநிதி என்றால் ஆர்இஎன் (REN, பதிவு பெற்ற பிரதிநிதி) எண் உள்ள சிவப்பு அட்டை இருக்கவேண்டும், கேளுங்கள். தனி ஆளின் கணக்கில் பணம் போடாதீர்கள். மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். இணைய மோசடி என்றால் உடனே தேசிய மோசடி உதவி மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்றால், வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்குப் போடலாம். நாங்கள் சுங்கை பட்டாணியில் அதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த விளம்பரம் இன்று காலையும் செயலியில் இருந்தது. அதே படங்கள், வாடகையை மட்டும் 850 ஆக்கியிருக்கிறார். சமையலறை ஜன்னலில் நீலத் திரை, வெளியே செம்பனை மரங்கள் தெரியும் படம் இருந்தால் அதுதான் அந்த வீடு. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே வழக்குப் போடலாம்.