மினி டிராக்டருக்கு எக்ஸ்ட்ரா லைட்: மூன்று வருட அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, 27 ஹெச்பி மினி டிராக்டர். சித்திரை வெயிலில் பகலில் உட்கார முடியாது. பொழுது சாய்ந்த பிறகுதான், பின்னால் மாட்டி கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஓட்டுவேன். ஹெட்லைட் முன்னால் காட்டும், ஆனால் கண் இருக்க வேண்டியது பின்னால். ஒரு ராத்திரி சொட்டுநீர்க் குழாய் கத்தியில் சுற்றிக்கொண்டது. அறுத்தெடுக்க முக்கால் மணி நேரம். மறுநாளே 18 வாட் எல்இடி நான்கு வாங்கினேன், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

மாட்டியவர் ஹெட்லைட் ஒயரிலேயே ஒட்டுப் போட்டுவிட்டார். பளிச்சென்றுதான் எரிந்தது. பத்தே நாளில் ஸ்விட்ச் சூடாகி பிளாஸ்டிக் கருகும் வாடை. நான்கும் சேர்ந்தால் 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கென்று வைத்த ஸ்விட்ச் தலையில் அதையும் ஏற்றினால் எப்படித் தாங்கும்?

அப்புறம் நானே உட்கார்ந்தேன். பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒரு சாண் தள்ளி 10 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் ரிலேயின் (ஸ்விட்ச் தரும் சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் டப்பா) 30-ஆம் எண் முனைக்கு, 87-லிருந்து விளக்குகளுக்கு. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரை ஸ்விட்ச் வழியாக 86-க்குக் கொடுத்து, 85-ஐ எர்த் (பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டி இரும்பு) பண்ணினேன். சாவியை எடுத்தால் விளக்கும் அணைந்துவிடும். காலையில் செல்ஃப் எடுக்காமல் தள்ளும் வேலை இல்லை.

ஒரு மழைக்காலம் போனதும் பின் விளக்குகள் மங்கி மினுக்கின. லைட்தான் போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன், அதுவும் மினுக்கியது! எர்த் போல்ட்டைக் கழற்றினால் ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கு அடியில் மட்கார்டு பெயின்ட் அப்படியே இருக்கிறது. மரை வழியாக ஏதோ கொஞ்சம் எர்த் கிடைத்திருக்கிறது. துரு ஏறியதும் அதுவும் போய்விட்டது. உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்தேன். நம்பிக்கை வராமல், பேட்டரி மைனஸுக்குத் தனிக் கறுப்பு ஒயரும் இழுத்துவிட்டேன்.

முதலில் பின் விளக்குகளைக் கூரைக் கம்பியில் கட்டியிருந்தேன். புழுதி கிளம்பினால் வெளிச்சம் கண்ணுக்கே திரும்பி வரும். மட்கார்டுக்கு இறக்கிய பிறகு குழாய் தெரிகிறது. காண்டாமிருக வண்டு வந்து முகத்தில் மோதுவது மட்டும் குறையவில்லை.

ரோட்டில் ஏறினால் பின்னால் வருபவர் கண் கூசும். அதனால் பின் விளக்குக்கு இப்போது தனி ரிலே, தனி ஸ்விட்ச். எலி ஒருமுறை கடித்த பிறகு ஒயர் முழுக்க ஸ்லீவ் போட்டாயிற்று. வலது பின் விளக்கின் கண்ணாடிக்குள் போன ஐப்பசியிலிருந்து ஈரம் கோத்து நிற்கிறது. எரிகிற வரை எரியட்டும்.