வருமானத்தில் பங்கா, நிலையான சம்பளமா?

ஓசூர் சிப்காட்டில் சம்பள ஒப்பந்தம் முடியும் சமயத்தில் கேன்டீன் மேசைக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் வீரர்கள் இரண்டுக்கும் போராடியவர்கள்.

நிச்சயம்
நிலையான சம்பளம்: கையெழுத்தானதும் தொகை தெரியும்.
பங்கு: வருமானம் விழுந்தால் அதுவும் விழும். கொரோனாவுக்குப் பிறகு, 2021இல், ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு (லீக் வருமானத்தில் வீரர்களின் பங்கை வைத்துக் கணக்கிடுவது) 19.82 கோடி டாலரிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது.

வளர்ச்சி
நிலையான சம்பளம்: அடுத்த பேச்சுவார்த்தை வரை அப்படியே.
பங்கு: 2024இல் அதே உச்சவரம்பு 25.54 கோடி!

வாங்கும் பாடு
1982இல் மொத்த வருமானத்தில் 55 சதவீதம் கேட்டு வீரர்கள் 57 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். அப்போது பங்கு கிடைக்கவில்லை, சர்வீஸுக்கு ஏற்ற குறைந்தபட்ச சம்பளம் கிடைத்தது. பிறகு பங்கு முறை வந்தது. 2011இல் அணி முதலாளிகள், பங்கு பிரிக்கும் முன்பே செலவுக்கென்று கூடுதலாக ஒதுக்கக் கேட்டபோது, வீரர்கள் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். அது நியாயம்தான். புத்தகம் பார்க்காமல் வாங்கும் சதவீதத்தை நான் நம்பமாட்டேன்.

சரி, யாருக்கு எது? கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த, பலமான சங்கம் இருந்தால் பங்கு கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வெளியேறக்கூடிய வீரருக்கும், நம்ம ஊர் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் முதலில் வேண்டியது குறைந்தபட்ச சம்பளம்.