குழந்தைக்குக் காசநோயா? எந்தச் சோதனை, எந்த மாதிரி?

வீட்டில் ஆயாவுக்குக் காசநோய் என்று உறுதியானால், அவர் மடியில் வளரும் பேரப்பிள்ளையை அந்த வாரமே கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் நம் குடும்பங்களில் இது தள்ளிப்போகிறது. பெண் பிள்ளை இருக்கிற வீடு, வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஒருவழியாகப் போனாலும், "டெஸ்டில் ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். எந்த டெஸ்ட், எதை எடுத்துச் செய்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

மிகப் பழையது நுண்ணோக்கி. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பது. விலை மலிவு, அன்றைக்கே முடிவு. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். சிறு குழந்தையின் நுரையீரலில் கிருமி அவ்வளவு இருப்பதில்லை. பெரியவர்களுக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்தொடர இது இன்றும் உதவும். பிள்ளைக்கு நோய் இல்லை என்று சொல்ல இதை நம்பவே கூடாது.

கல்ச்சர் இதற்கு நேர் எதிர். 10 முதல் 100 கிருமிகள் இருந்தாலே வளர்த்துக் காட்டிவிடும். எந்தெந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் விரிவாகச் சொல்லும். டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: இங்குள்ள துகேலா ஃபெரி என்ற ஊரில் மருந்துகளுக்கு அடங்காத காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்ததை 2006-இல் உலகமே படித்தது. குறை என்னவென்றால் காலம். 'இல்லை' என்று முடிக்க ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாகப் பரவ அவ்வளவு நாள் தேவையில்லை.

இரண்டுக்கும் நடுவில் வந்தது ஜீன்எக்ஸ்பெர்ட். 2010 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2011-இலேயே தென்னாப்பிரிக்கா நுண்ணோக்கிக்குப் பதிலாக இதைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்ப்பதால் சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை வரும். காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு உண்டா என்பதும் கூடவே தெரியும். கேப்டவுன் ஆய்வொன்றில், கல்ச்சரில் நோய் உறுதியான பிள்ளைகளில் நுண்ணோக்கி சுமார் 38 விழுக்காட்டினரைக் கண்டது, இரண்டு சளி மாதிரிகளில் செய்த எக்ஸ்பெர்ட் 76 விழுக்காட்டினரை. பின்னால் வந்த 'அல்ட்ரா' இன்னும் கூர்மையானது. செத்த கிருமியின் மரபணுவையும் இது காட்டுவதால், சிகிச்சை முடிந்ததா என்று பார்க்க மட்டும் உதவாது.

ஆகவே முதலில் எக்ஸ்பெர்ட், கூடவே கல்ச்சருக்கும் ஒரு பங்கு என்பதே என் தேர்வு. ஆனால் எந்த இயந்திரமும் கொடுத்த மாதிரியைத்தான் படிக்கும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். டப்பாவில் எச்சிலை வாங்கி அனுப்பினால் மிக விலை உயர்ந்த சோதனையும் வீண்.

நெடுநாள் வழக்கம் இரைப்பை நீர்: மூன்று நாள், விடிகாலையில், வெறும் வயிற்றோடு, மூக்கு வழியாகக் குழாய். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். தாய் வேலைக்கு மூன்று நாள் போக முடியாது. இன்னொரு வழி, உப்புநீரை ஆவியாகச் சுவாசிக்க வைத்துச் சளியை வரவழைத்து எடுப்பது. இப்படி ஒரு முறை எடுத்தது மூன்று நாள் இரைப்பை நீருக்கு ஈடு என்று கேப்டவுன் ஆய்வு 2005-இலேயே காட்டியது. பயிற்சி பெற்றவரும் காற்றோட்டமான அறையும் வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது மலம். விழுங்கிய சளி அங்கேதானே போகிறது. கண்டுபிடிக்கும் திறன் சற்றுக் குறைவு, ஆனால் குழந்தை அழ வேண்டியதில்லை. சிறு கிளினிக்கிலும் எடுக்கலாம். உலகச் சுகாதார நிறுவனமும் எக்ஸ்பெர்ட்டுக்கு இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. முடிந்தால் வரவழைத்த சளி, முடியாத இடத்தில் மலம் என்பேன். குழாயைக் கடைசியாக வைக்கலாம்.

எல்லாம் செய்தும் 'இல்லை' என்று வரலாம். அப்போதும் எடை ஏறாமல், இருமல் விடாமல், வீட்டில் நோயாளி இருந்து, எக்ஸ்ரேயும் சந்தேகப்படும்படி இருந்தால் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆய்வகத் தாளுக்காகக் குழந்தையைக் காக்க வைப்பது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. உடம்பு நன்றாக இருக்கிற பிள்ளைக்குத் தடுப்பு மருந்து உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பிணிக்கு மாதிரி எடுப்பது எளிது, அவரால் சளி துப்ப முடியும். சிக்கல் சந்தேகமே வராததுதான். களைப்பைக் கர்ப்பத்தின் மேல் போட்டுவிடுகிறோம், வளரும் வயிறு மெலிவை மறைத்துவிடுகிறது. எச்ஐவி உள்ளவருக்கு இருமல் இல்லாவிட்டாலும் எக்ஸ்பெர்ட் செய்வது நல்லது. நோய் முற்றியிருந்தால் சிறுநீரில் கிருமியின் சுவர்ப் பொருளைத் தேடும் எல்ஏஎம் சோதனைப் பட்டையும் அரை மணிக்குள் துப்புக் கொடுக்கும். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு மிகச் சொற்பம், அதற்குப் பயந்து மறுக்க வேண்டாம். பிரசவ நேரத்தில் தாய்க்கு நோய் தெரிய வந்தால் நஞ்சுக்கொடியையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். குழந்தைக்கு நோய் இல்லை என்று பார்த்துத் தடுப்பு மருந்து தொடங்கினால், பிசிஜி ஊசியை அந்த மருந்து முடிந்த பிறகே போடுவார்கள். பிறந்த அன்று போடவில்லையே என்று பதற வேண்டாம்.